பின்விளக்கில் ஓடும் இண்டிகேட்டர் அமைக்கும் முறை

திரும்பும் திசையைக் காட்டும் ஆம்பர் விளக்கு ஒரே வீச்சில் எரியாமல், காரின் நடுப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கித் துண்டு துண்டாக எரிந்து நிறைந்து, பிறகு மொத்தமாக அணைவதையே ஓடும் இண்டிகேட்டர் என்கிறோம். இது எல்இடி காலத்தில் பிறந்த அலங்காரம் என்று பலர் நினைக்கிறார்கள். 1965 ஆம் ஆண்டின் ஃபோர்டு தண்டர்பேர்டு காரிலேயே இது வந்துவிட்டது. டிக்கிக்குள் இருந்த சிறிய மோட்டார் ஒன்று கேம்களைச் சுழற்ற, பக்கத்துக்கு மூன்று பல்புகள் அடுத்தடுத்து எரிந்தன. ஆடி நிறுவனம் 2012 இல் தன் ஆர்8 காரின் பின்விளக்கில் எல்இடி கொண்டு இதைச் செய்த பிறகுதான் இன்றைய தலைமுறைக்கு இது பழகியது.

என் பழைய ஹேட்ச்பேக் காரின் இரண்டு பின்விளக்குகளிலும் இந்த அமைப்பை நானே செய்து பொருத்தியிருக்கிறேன். செய்யும்போது எடுத்த எல்லா முடிவுகளுக்கும் ஒரே அளவுகோல்தான் வைத்துக்கொண்டேன். ஒளி ஓடுவது இரண்டாவது வேலை, பின்னால் வருபவருக்குத் திரும்பும் செய்தி தெளிவாகப் போய்ச் சேருவதே முதல் வேலை. சர்க்யூட் பழுதானாலும் விளக்கு மினுக்க வேண்டும், பேட்டரி சோர்ந்தாலும் தெரிய வேண்டும், பக்கவாட்டில் வரும் பைக்காரருக்கும் தெரிய வேண்டும். கீழே சொல்லும் வழிமுறையில் சில இடங்கள் தேவைக்கு மேல் சுற்றி வளைப்பதாகத் தோன்றினால், காரணம் இதுதான்.

வேலையில் இறங்குமுன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988 இன் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவோ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, அல்லது இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் காரில் பொருத்துவதற்கு முன் உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். அசல் விளக்குகளைத் தொடவே தொடாதீர்கள். புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தையில் உங்கள் மாடலுக்குரிய இன்னொரு ஜோடியை வாங்கி அதில் வேலை செய்தால், எப்போது வேண்டுமானாலும் நான்கு நட்டுகளைக் கழற்றி அசலையே திரும்ப மாட்டிவிடலாம். இண்டிகேட்டர் கம்பி வழியாகக் கணினிச் சிக்னல் போகும் புதிய கார்களிலும், தொழிற்சாலையிலேயே எல்இடி பின்விளக்குடன் வந்த கார்களிலும் இந்த முறையை முயல வேண்டாம். இது சாதாரண 21 வாட் ஆம்பர் பல்பு உள்ள கார்களுக்கு மட்டும்.

ஒளி எப்படி ஓட வேண்டும்

கண்ணுக்கு அழகாகத் தெரிவதையெல்லாம் செய்துவிடக் கூடாது. ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்துள்ள வாகன விளக்கு விதிகள் ஓடும் இண்டிகேட்டரை அனுமதிக்கின்றன, ஆனால் கறாரான நிபந்தனைகளோடு. ஒரு முறை எரிந்த துண்டு அந்தச் சுற்று முடியும்வரை அணையக் கூடாது. ஓட்டம் உள்ளிருந்து வெளிப்பக்கம் நோக்கித்தான் இருக்க வேண்டும். விளக்கு எரியத் தொடங்கிய 200 மில்லி செகண்டுக்குள் எல்லாத் துண்டுகளும் எரிந்து முடிய வேண்டும். ஒளிரும் பரப்பின் அகலம் உயரத்தைப்போல் குறைந்தது 1.7 மடங்கு இருக்க வேண்டும். துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி எதுவும் 50 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. நான் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டேன், ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நியாயமான காரணம் இருக்கிறது. ஒற்றைப் புள்ளியாக ஒளி ஓடி மறையும் வகை விளக்குகள் சந்தையில் விற்கின்றன. அவற்றில் எந்த நொடியிலும் ஒரு துண்டுதான் எரிகிறது என்பதால், நண்பகல் வெயிலில் அவை இருப்பதே தெரிவதில்லை.

இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை வரை மினுக்கலாம். நடுவான 90 என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்று ஏறத்தாழ 667 மில்லி செகண்டு, அதில் எரியும் நேரம் பாதி, அதாவது 333 மில்லி செகண்டு. ஐந்து துண்டுகளை 40 மில்லி செகண்டு இடைவெளியில் எரியவிட்டால் 160 ஆவது மில்லி செகண்டில் விளக்கு முழுதும் நிறைந்துவிடும், மீதி நேரம் முழு ஒளியில் நிற்கும். அந்த நிற்றல்தான் பின்னால் வருபவரின் கண்ணில் பதிகிறது. ஆகவே ஓட்டத்தை இழுத்து நீட்ட வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கைத் திறப்பது

முன்விளக்குகளைச் சூடுகாட்டித் திறக்கும் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பின்விளக்கையும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். முன்விளக்கின் கண்ணாடி பெரும்பாலும் பியூட்டைல் பசையால் ஒட்டப்பட்டது, அது சூட்டில் இளகும். பின்விளக்கின் அக்ரிலிக் மூடியோ பெரும்பாலும் பின்கூட்டோடு உருக்கி இணைக்கப்பட்டது. அங்கே இளகுவதற்குப் பசையே இல்லை, 100 டிகிரியை நெருங்கும்போது அக்ரிலிக்தான் வளையத் தொடங்கும். இணைப்புக் கோட்டை உற்றுப் பாருங்கள். கருநிறப் பசை பிதுங்கியிருந்தால் சூடு உதவும். பசையே தெரியாமல் விளிம்பில் நூல் போன்ற உருகல் கோடு ஓடினால் அது உருக்கிணைப்பு.

உருக்கிணைத்த விளக்கில் மூடியை வெட்டாமல் பின்கூட்டை வெட்டுவதே என் பரிந்துரை. பல்பு ஹோல்டர் நுழையும் துளையைச் சுற்றி, இண்டிகேட்டர் அறையின் பின்சுவரில் மட்டும், 12 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அளவில் ஒரு சன்னலை மெல்லிய ரம்பத்தால் அறுத்து எடுங்கள். எல்இடி பலகையை இரண்டு துண்டுகளாகச் செய்தால் அந்தச் சன்னல் வழியாகவே உள்ளே செலுத்திவிடலாம். பிறகு அறுத்த துண்டைக் கொண்டே மூடிவிடலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூடியில் ஒரு கீறலும் தெரியாது, மழை நேராக அடிக்கும் முன்விளிம்பும் கெடாது. பிரேக் விளக்கு, ரிவர்ஸ் விளக்கு ஆகியவற்றின் அறைகளையும், ஒளியைத் திருப்பிக் காட்டும் சிவப்பு ரிஃப்ளெக்டரையும் கண்டிப்பாகத் தொடக் கூடாது. உள்ளே விழுந்த தூளைப் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் ஓடிவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் ஒரு நாள் உலர்த்தினால் போதும்.

எல்இடி பலகை

என் விளக்கின் இண்டிகேட்டர் அறை 16 சென்டிமீட்டர் அகலம், 6 சென்டிமீட்டர் உயரம். அதை ஐந்து துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஆறு எல்இடி வீதம் முப்பது வைத்தேன். நான்கு கால் உள்ள பிரானா வகை ஆம்பர் எல்இடி இதற்கு நன்றாகப் பொருந்தும். ஒன்று 7.6 மில்லிமீட்டர் சதுரம், 70 மில்லி ஆம்பியர் வரை தாங்கும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் எடுக்கும். சென்னையில் ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். ஆம்பர் மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடி வைத்தால் ஒளியில் பெரும்பகுதி மூடியிலேயே வடிகட்டப்பட்டு வீணாகும், ஆகவே மூடி எந்த நிறமாயினும் எல்இடி ஆம்பராகவே இருக்கட்டும். ஒளி விரியும் கோணம் 90 டிகிரிக்குக் குறையாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். குறுகிய கோண எல்இடி மேசைமேல் கண்ணைக் கூசவைக்கும், சாலையில் நேர் பின்னால் நிற்பவரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

எத்தனை எல்இடிகளைத் தொடராக இணைப்பது என்பதில்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். நான்கை ஒரு தொடரில் இணைத்தால் 8.4 வோல்ட் அதற்கே போகும், மின்தடையில் வீணாகும் சக்தி குறையும், கணக்கில் அது சிக்கனமாகத் தெரியும். ஆனால் என்ஜின் அணைந்த நிலையில் 12 வோல்ட்டில் அளந்தபோது ஒளி பாதியாகக் குறைந்துவிட்டது. கார் நின்றுபோய், இரவில் நெடுஞ்சாலை ஓரத்தில் நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டுக் காத்திருக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். விளக்கு மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் பேட்டரி சோர்ந்து போயிருக்கும். ஆகவே மூன்றை மட்டும் தொடராக்கி, துண்டுக்கு இரண்டு தொடர் வைத்தேன். இப்போது 13.8 வோல்ட்டில் தொடருக்கு 50 மில்லி ஆம்பியரை ஒட்டிப் பாய்கிறது, 12 வோல்ட்டிலும் 33 மில்லி ஆம்பியர் கிடைக்கிறது.

கடைசித் துண்டைப் பற்றி ஒரு வார்த்தை. பின் இண்டிகேட்டர் வெளிப்பக்கமாக 80 டிகிரி வரை தெரிய வேண்டும் என்பது மேற்சொன்ன விதிகளில் உண்டு. அசல் பல்பு எல்லாத் திசையிலும் ஒளியை வீசும், தட்டையான எல்இடி பலகையோ பின்னால் மட்டுமே பார்க்கும். அதனால் வெளி ஓரத் துண்டைத் தனிப் பலகையாகச் செய்து, விளக்கின் மூடி காரின் பக்கவாட்டில் வளையும் இடத்தில் 45 டிகிரி சாய்த்துப் பொருத்துங்கள். சன்னல் வழியாக நுழைக்க இரண்டு துண்டு பலகை என்று சொன்னேனே, அந்தப் பிரிவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்.

சர்க்யூட்

இண்டிகேட்டர் கம்பியில் மின்சாரம் வரும்போது மட்டும் உயிர்பெற்று, நின்றதும் அணையும் அமைப்பே நல்லது. பேட்டரியிலிருந்து தனியாகக் கம்பி இழுக்கத் தேவையில்லை, நிறுத்தி வைத்த காரில் மின்கசிவும் இராது. உள்ளே வரும் கம்பியில் முதலில் ஒரு 1என்4007 டையோடு, அதன் பின் கிரவுண்டுக்கு 22 வோல்ட் டிவிஎஸ் டையோடு ஒன்று. முன்னது தலைகீழ் இணைப்பிலிருந்தும், பின்னது ஆல்டர்னேட்டரிலிருந்து திடீரென எழும் மின்னழுத்தத்திலிருந்தும் காக்கும். அங்கிருந்து எல்லா எல்இடி தொடர்களின் நேர்முனைக்கும், 78எல்05 ரெகுலேட்டருக்கும் மின்சாரம் பிரிகிறது. ரெகுலேட்டர் தரும் 5 வோல்ட்டில் ஏடிடைனி85 என்ற எட்டுக்கால் மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரல் ஏற்றி இயக்கும் சிறு சிப், இயங்குகிறது. அதன் நான்கு வெளியீடுகள் யுஎல்என்2003 சிப்பின் நான்கு உள்ளீடுகளுக்குப் போகின்றன. அந்தச் சிப் இரண்டாம் துண்டிலிருந்து ஐந்தாம் துண்டு வரை உள்ள எல்இடிகளின் எதிர்முனையைக் கிரவுண்டோடு இணைத்து எரியவைக்கிறது.

முதல் துண்டு இந்தச் சிப் எதையும் நம்பியிருக்கக் கூடாது. அதன் எதிர்முனையை மின்தடை வழியாக நேராகக் கிரவுண்டில் சேர்த்துவிடுங்கள். கம்பியில் மின்சாரம் வந்தால் அது எரியும், அவ்வளவுதான். சிப்பில் ஏறத்தாழ 0.9 வோல்ட் இழப்பு இருப்பதால், மற்றத் தொடர்களுக்கு 120 ஓம், நேரடித் துண்டின் தொடர்களுக்கு 130 ஓம் என்று வைத்தால் ஒளி சமமாக இருக்கும். மின்தடைகள் அரை வாட்டுக்குக் குறையாதவையாக இருக்கட்டும்.

இதற்கு மேலும் ஒரு காப்பு உண்டு. யுஎல்என்2003 இன் நான்கு உள்ளீடுகளையும் தனித்தனி 4.7 கிலோ ஓம் மின்தடை வழியாக 5 வோல்ட்டோடு இணைத்துவிடுங்கள். மைக்ரோகண்ட்ரோலர் செத்துப்போய் அதன் கால்கள் தொங்கலில் விடப்பட்டால், இந்த மின்தடைகளே சிப்பைத் தூண்டி எல்லாத் துண்டுகளையும் சேர்ந்து எரியவைக்கும். ஓட்டம் போகும், இண்டிகேட்டர் போகாது. இதற்கு ஒரு சிறிய விலை உண்டு. ஒவ்வொரு மினுக்கலின் தொடக்கத்திலும் மைக்ரோகண்ட்ரோலர் விழித்துக்கொள்ளும்வரை எல்லாத் துண்டுகளும் நூலிழை நேரம் மின்னி மறைவதை இருட்டறையில் உற்றுப் பார்த்தால் காணலாம். வெளியில் அது தெரிவதில்லை. தெரிந்தாலும் இந்தக் காப்பை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நிரல் மிக எளியது. நான்கு கால்களையும் உடனே தாழ்நிலைக்குக் கொண்டுவந்து, 40 மில்லி செகண்டுக்கு ஒன்றாக உயர்த்தி, பிறகு அப்படியே நிற்க வேண்டும். கவனம் தேவைப்படுவது விழித்தெழும் நேரத்தில்தான். தொழிற்சாலை அமைப்பில் ஏடிடைனி85 மின்சாரம் வந்த பின் 64 மில்லி செகண்டு காத்திருந்தே வேலையைத் தொடங்கும். ஃபியூஸ் அமைப்பை (காரின் ஃபியூஸ் அல்ல, சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் அமைப்புகளின் பெயர் அது) மாற்றி அந்த நேரத்தை 4 மில்லி செகண்டாகக் குறைத்துவிடுங்கள். டிஜிஸ்பார்க் போன்ற ஆயத்தப் பலகைகள் யுஎஸ்பி வழியாக நிரல் வருகிறதா என்று சில நொடிகள் காத்திருப்பவை. அதற்குள் விளக்கே அணைந்துவிடும் என்பதால் அவை இங்கே உதவாது. வெறும் சிப்பை வாங்கி, ஆர்டுயினோ ஒன்றை புரோகிராமராகக் கொண்டு நிரலை ஏற்றுவதுதான் சரி.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் சீராக இருக்கட்டும் என்று ரெகுலேட்டருக்கு முன்னால் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்திருந்தேன். முதல் மினுக்கலில் ஒளி அழகாக ஓடியது. இரண்டாவதிலிருந்து ஓட்டமே இல்லை, எல்லாத் துண்டுகளும் சேர்ந்தே எரிந்து அணைந்தன. நிரலைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதியும் பயனில்லை. கடைசியில் மல்டிமீட்டரை மைக்ரோகண்ட்ரோலரின் மின்காலில் வைத்துப் பார்த்தபோது, விளக்கு அணைந்திருக்கும் நேரத்திலும் அங்கே இரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றது. கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் அந்தக் கால் நொடிச் சொச்சத்தில் வடியவில்லை. சிப்பைப் பொறுத்தவரை மின்சாரம் நிற்கவே இல்லை, ஆகவே அது புதிதாகத் தொடங்கவும் இல்லை. கெப்பாசிட்டரை 10 மைக்ரோஃபாரட்டாக மாற்றி, மின்னழுத்தம் 2.7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிப் தானே ரீசெட் ஆகும் பிரவுன் அவுட் அமைப்பையும் ஃபியூஸில் இயக்கிய பிறகு கோளாறு தீர்ந்தது. சிப்பின் மின்கால்களுக்கு அருகில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும், அது இந்தச் சிக்கலைத் தராது.

வலது, இடது பலகைகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே வரைபடத்தை இரண்டுக்கும் பயன்படுத்தினால் ஒரு பக்கத்தில் ஒளி உள்நோக்கி ஓடும்.

காரில் இணைப்பது

காரின் வயரிங்கை எங்கும் வெட்டாதீர்கள். எரிந்துபோன ஆம்பர் பல்பு ஒன்றைத் தடித்த துணியில் சுற்றி, கண்ணாடியை மட்டும் உடைத்து எடுத்துவிட்டு, உள்ளிருக்கும் பசையைச் சுரண்டினால் பித்தளை அடிப்பாகம் கிடைக்கும். அடிமுனையில் நேர்கம்பியையும் சுற்றுச் சுவரில் எதிர்கம்பியையும் சால்டர் செய்து, எப்பாக்ஸி ஊற்றி நிறைத்தால் அதுவே உங்கள் பிளக். பழைய ஹோல்டரில் அதைச் சொருகித் திருகினால் இணைப்பு முடிந்தது.

மாட்டியவுடன் இண்டிகேட்டர் இருமடங்கு வேகத்தில் படபடக்கும். 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும், உங்கள் முப்பது எல்இடியும் சேர்ந்து அரை ஆம்பியர்தான். பல்பு பழுதாகிவிட்டது என்று கார் எடுத்துக்கொண்டு அப்படி எச்சரிக்கிறது. இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் ஃபிளாஷர் ரிலே தனியாக இருக்கும் பழைய கார்களில் அதைக் கழற்றிவிட்டு எல்இடிக்கான எலக்ட்ரானிக் ரிலேயை மாட்டினால் போதும். அந்த வசதி இல்லாவிட்டால் இண்டிகேட்டர் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 ஓம், 50 வாட் அலுமினிய உடல் மின்தடை ஒன்றை இணையுங்கள். அது ஏறத்தாழ 1.4 ஆம்பியர் இழுத்து, எல்இடிகளோடு சேர்ந்து பழைய பல்பின் கணக்கை ஈடுகட்டும். அப்போதும் படபடத்தால் மட்டும் 6 ஓமுக்குப் போங்கள். சந்தையில் எடுத்த எடுப்பிலேயே 6 ஓமைத்தான் கொடுப்பார்கள், ஆனால் அது தேவையில்லாமல் அதிகச் சூட்டைக் கிளப்பும். இந்த மின்தடை கைவைக்க முடியாத அளவுக்குக் கொதிக்கும். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு அரை மணி நேரம் நின்றால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஆகவே விளக்கின் கூட்டிலோ டிக்கியின் துணி விரிப்பிலோ வைக்காமல், பாடியின் தகட்டில் போல்ட்டு போட்டு இறுக்குங்கள்.

அடைப்பதற்கு வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கானை வாங்காதீர்கள். அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்புப் பாதைகளைப் பச்சைபூக்க வைக்கும். நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்குங்கள். ஃபெவிக்விக் வகைப் பசையும் மூடிய விளக்குக்குள் ஆகாது, அதன் ஆவி அக்ரிலிக்கின் உட்புறத்தில் வெண்படலமாகப் படிந்துவிடும். விளக்கின் பின்னால் கீழ்நோக்கி இருக்கும் சிறிய மூச்சுத்துளையை மறந்தும் அடைக்காதீர்கள். அடைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியின்றி நிரந்தரமாக மூடுபனி நிற்கும்.

சோதனை

ஒரு பக்கத்தை மட்டும் முதலில் பொருத்துங்கள். மறுபக்கத்தில் அசல் பல்பே இருக்கட்டும். நண்பகல் வெயில் விளக்கின்மேல் நேராக விழும்படி காரை நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு, முப்பது அடி, நூறு அடி, இருநூறு அடி தள்ளி நின்று இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறகு பக்கவாட்டில், பின்சக்கரத்தின் ஓரம் ஒரு பைக் வரும் இடத்தில் நின்று பாருங்கள். புதியது எந்த இடத்திலாவது பழையதைவிட மங்கலாகத் தெரிந்தால் பலகையைக் கழற்றி எல்இடிகளைக் கூட்டுவதே சரி. என் முதல் பலகை பக்கவாட்டுச் சோதனையில் தோற்றது, கடைசித் துண்டைச் சாய்த்து வைத்தது அதற்குப் பிறகுதான். நேரத்தைச் சரிபார்க்கக் கைப்பேசியின் ஸ்லோ மோஷன் போதும். நொடிக்கு 240 சட்டங்கள் எடுக்கும் காணொளியில் 40 மில்லி செகண்டு என்பது ஏறத்தாழ பத்துச் சட்டம். அடுத்து, எல்லா மூடிகளையும் அடைத்த பின் மைக்ரோகண்ட்ரோலரை அதன் சாக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு இண்டிகேட்டரைப் போட்டுப் பார்க்க முடியாது என்பதால், அடைப்பதற்கு முன்பே அதைச் செய்துவிடுங்கள். சிப் இல்லாமலும் ஐந்து துண்டுகளும் சேர்ந்து மினுக்க வேண்டும்.

அடைத்து முடித்த மறுநாள், தோட்டத்துக் குழாயால் பத்து நிமிடம் விளக்கின்மேல் தண்ணீர் பீய்ச்சி, காரை வெயிலில் விட்டு, மூடியின் உட்புறத்தில் நீர்த்துளி கோக்கிறதா என்று பாருங்கள். முதல் கனமழைக்குப் பிறகும் டிக்கியின் விரிப்பைத் தூக்கி, விளக்கின் பின்புறம் ஈரம் இறங்கியிருக்கிறதா, மின்தடையின் போல்ட்டு தளர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.